பதினொரு தங்கமும் ஒரு சாய்தளமும்

நீங்கள் கேட்டது இது: உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தங்களை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. அந்த மாதிரி நியமன இடங்களுக்குப் பெயர் தேடினால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பதக்கம் வாங்கியவர்கள்தான். விளையாட்டில் பேர் வாங்கிய ஒருவரைத் தேர்தல் இல்லாமல் நேரே சபையில் உட்கார வைத்தால் உருப்படியாக ஏதாவது நடக்குமா, இல்லை சால்வை போடவும் படம் எடுக்கவும் மட்டும்தானா?

ஆளைப் பொறுத்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது பதில் ஆகாது, நழுவுவதுதான். அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பிரிட்டனின் டானி கிரே-தாம்சன். பாராலிம்பிக்ஸில் 16 பதக்கம், அதில் 11 தங்கம். 2010 முதல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் உறுப்பினர். யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் இல்லை. சில வருடம் வேலைக்காக இங்கிலாந்தில் இருந்தபோது அந்தச் சபையின் நேரலையைப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்குத் தொற்றிக்கொண்டது. தூக்கம் வராதவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் இவர் பேச எழுந்தால் தூக்கம் கலைந்துவிடும். 'எழுந்தால்' என்பது தவறு. அங்கே எல்லோரும் எழுந்து நின்றுதான் பேச வேண்டும், இவர் உட்கார்ந்தபடியே பேசுவார்.

1969 ஜூலையில் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காரிஸ் டவீனா. குழந்தையை முதலில் பார்த்த அக்கா, 'குட்டி' என்ற பொருளில் 'டைனி' என்று சொல்ல வாயெடுக்க, அது மழலையில் டானி ஆகி, அதுவே நிலைத்துவிட்டது. பிறவியிலேயே ஸ்பைனா பிஃபிடா, அதாவது கருவில் முதுகெலும்பு முழுதாக மூடாமல் போய்விடும் நிலை. சின்ன வயதில் கொஞ்சம் நடந்தார். உடம்பு வளர வளரக் கால் தாங்கவில்லை. ஏழு வயது வாக்கில் வீல்சேருக்கு வந்துவிட்டார்.

விளையாட்டு வருவதற்கு முன்பே அவர் வாழ்க்கையில் அரசியல் வந்துவிட்டது. இதை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. பதினொரு வயதில் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். வீல்சேர் பிள்ளை என்றால் சிறப்புப் பள்ளி என்பது அன்றைய வழக்கம். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. 1978-இல் மேரி வார்னாக் என்பவர் தலைமையிலான குழு, இப்படிப்பட்ட பிள்ளைகளை இயன்றவரை சாதாரணப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வேல்ஸ் விவகாரங்களுக்கான அமைச்சரையே நீதிமன்றத்துக்கு இழுப்போம் என்று கிளம்பினார்கள். கடைசியில் பெனார்த்தில் ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. அரசாங்க அறிக்கையின் ஒரு பத்தியைச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் நீட்டினால் கதவு திறக்கும் என்பதை அந்தப் பெண் பதினொரு வயதில் வீட்டிலேயே பார்த்துவிட்டார். பிறகு லஃபரோ பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பாடமும் அரசியல்தான். பட்டம் வாங்கியது 1991-இல், முதல் தங்கத்துக்கு ஒரு வருடம் முன்னால். ஆகவே 'ஓய்வு பெற்ற வீராங்கனை பொழுது போகாமல் பொதுச் சேவைக்கு வந்தார்' என்ற வழக்கமான கதை இவருக்குப் பொருந்தாது.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப் பட்டியல் எங்கும் கிடைக்கும். 1988 சியோலில் 400 மீட்டரில் ஒரு வெண்கலம். 1992 பார்சிலோனாவில் 100, 200, 400, 800 என்று நான்கிலும் தங்கம், தொடர் ஓட்டத்தில் வெள்ளி. அங்கே 400 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார், வீல்சேர் ஓட்டத்தில் பெண்களில் முதல் ஆளாக. 1996 அட்லாண்டாவில் ஒரு தங்கம், மூன்று வெள்ளி. 2000 சிட்னியில் மறுபடி நான்கு தங்கம். 2004 ஏதென்ஸில் 800 மீட்டரில் பின்தங்கிப் பதக்கமே இல்லாமல் போய், அதற்குப் பிறகு 100, 400 இரண்டிலும் தங்கம். நடுவே லண்டன் மாரத்தானில் ஆறு வெற்றி. 2007-இல் ஓய்வு.

வீல்சேர் ஓட்டத்தை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒன்று. நாம் மருத்துவமனையில் பார்க்கும் நாற்காலிக்கும் அதற்கும் உறவே கிடையாது. முன்னால் நீண்ட சட்டத்தில் ஒரு சின்னச் சக்கரம், பின்னால் சாய்வாக இரண்டு பெரிய சக்கரம், நடுவே உடம்பைக் குறுக்கித் திணித்துக்கொள்ள ஒரு கூடு. வளையத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. தடித்த கையுறை போட்ட கையால் அதைக் குத்துகிறார்கள், மேலிருந்து கீழே, நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல். தோளும் மணிக்கட்டும் போய்விடும். சில்லு மோதினால் முகம் தரையில். இருபது வருடம் இதைச் செய்தவரிடம் போய், 'உங்களைப் பார்த்தால் எங்களுக்கு உத்வேகமாக இருக்கிறது' என்று கண்கலங்கினால் அவருக்குக் கோபம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது அந்தச் சாய்தளம். சிட்னியில் நான்கு தங்கம் வாங்கித் திரும்பிய அதே 2000-ஆம் வருடக் கடைசியில், பிபிசி வருடா வருடம் நடத்தும் சிறந்த விளையாட்டு வீரர் விருது விழா. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது. டானிக்கு மூன்றாம் இடம். பாராலிம்பிக் ஆட்களுக்கு அப்படி ஒரு இடம் கிடைப்பது அன்று பெரிய விஷயம். பெயரை அறிவித்தார்கள், அரங்கம் கைதட்டியது. மேடைக்குப் போகப் படிகள் மட்டும்தான் இருந்தன. சாய்தளம் போடவில்லை. மற்றவர்கள் மேடையேறி வாங்கினார்கள், இவருக்குக் கோப்பை இருந்த இடத்துக்கு வந்தது. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீல்சேரில் வருகிற ஒருவர் பெயர் போட்டியில் இருக்கிறது, ஜெயித்தால் மேடைக்கு வர வேண்டும் என்று அவ்வளவு பெரிய குழுவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் கண்டனம், பிபிசியின் வருத்தம் எல்லாம் வந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிட்டனில் 1995-லேயே வந்துவிட்டது. ஐந்து வருடம் கழித்தும் நிலைமை இது. சட்டப் பிரிவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தப் படிகள் ஒரே நிமிடத்தில் புரியவைத்துவிட்டன.

பதக்கம் என்ன கொடுக்கும் என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் படிக்கு முன்னால் நின்றிருந்தால் அது அவருடைய தனிப்பட்ட சிரமம். டானி நின்றதால் செய்தி. அந்தச் செய்தி மதிப்பை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

2010-இல், கட்சி சாராத உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நியமன ஆணையம் இவரைப் பரிந்துரைத்தது. அங்கே 'கிராஸ்பெஞ்ச்' என்பார்கள், ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் குறுக்கே போட்ட இருக்கைகள். கட்சிக் கொறடா கிடையாது. இப்படி வாக்களி என்று யாரும் சொல்ல முடியாது. மாதச் சம்பளமும் கிடையாது, சபைக்கு வந்த நாளுக்குப் படி.

பாராலிம்பிக் பதக்கம் வாங்கி அந்தச் சபைக்கு வந்த முதல் ஆள் இவரில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1958-இல் குதிரையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட சூசன் மாஷம், 1960 ரோம் விளையாட்டில் நீச்சலில் பதக்கம் வாங்கியவர். 1970-இல் உறுப்பினரானார், 2023-இல் இறக்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்தார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கான சங்கத்தை 1974-இல் தொடங்கியவரும் அவரே. டானிக்கு மூன்று வருடம் முன்பே ஜேன் கேம்பல் வந்திருந்தார். விளையாட்டு வீராங்கனை அல்ல, உரிமைப் போராளி. தசைநலிவு நோயால் பேசும்போதே மூச்சு வாங்கும். சபையில் உறுப்பினர் அல்லாதவர் பேசக் கூடாது என்பது பல நூற்றாண்டு விதி. அதைத் தளர்த்தி, அவர் களைத்தால் மீதி உரையை அவருடைய உதவியாளர் வாசிக்கலாம் என்று மாற்றினார்கள். தன்னந்தனியாக ஒருவரை உட்கார வைப்பதற்கும் இப்படி நான்கைந்து பேர் பக்கத்தில் இருப்பதற்கும் எவ்வளவோ தூரம். உங்கள் ஊர் மன்றத்தில் நியமிக்கப்படுகிறவர் அநேகமாகத் தனி ஆளாக இருப்பார். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டானி உள்ளே வந்த கொஞ்ச நாளில் பெரிய சண்டை ஒன்று காத்திருந்தது. 2010-இல் வந்த கூட்டணி அரசு சிக்கன நடவடிக்கை என்று சொல்லி நலத்திட்டங்களைத் திருத்தி எழுத ஆரம்பித்தது. வேலை வயதில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு இருந்த வாழ்க்கைச் செலவுப் படியை நீக்கிவிட்டு, 'பிப்' என்ற புதிய படி. புதிய படிக்குப் புதிய மதிப்பீடு, ஒவ்வொருவரும் மறுபடி பரிசோதனைக்குப் போக வேண்டும். 2012-இல் சட்டமானது, 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

எங்கே இடித்தது என்று ஒரே ஓர் உதாரணம். நடமாட்டத்துக்கான உயர்ந்த படி யாருக்கு? பழைய முறையில் 50 மீட்டர் நடக்க முடியுமா என்பதுதான் நடைமுறை அளவுகோல். புதிதில் அது 20 மீட்டர் ஆனது. இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அதைத் தட்டுத் தடுமாறிக் கடந்துவிட்டால் உயர்ந்த படி போயிற்று. அந்தப் படியை வைத்து வாடகைக்கு எடுத்திருந்த காரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கார் போனால் வேலைக்குப் போக முடியாது. செலவைக் குறைக்கப் போட்ட விதி, வேலையில் இருந்த சிலரை வீட்டில் உட்கார வைத்தது.

டானி இங்கே செய்தது, பார்ப்பதற்குக் கொஞ்சமும் கவர்ச்சியில்லாத வேலை. மசோதாவின் பிரிவு பிரிவாகத் திருத்தம் எழுதிக் கொடுப்பது. 'மே' என்று இருக்கும் இடத்தில் 'மஸ்ட்' போடச் சொல்வது. செய்யலாம் என்பது செய்தே ஆக வேண்டும் என்று மாறும். புதிய மதிப்பீட்டை நாடு முழுக்கக் கொண்டுபோகுமுன் ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள் என்று வலியுறுத்துவது. அந்தக் கோரிக்கை தோற்றது. பிரபுக்கள் சபை வேறு சில இடங்களில் அரசைத் தோற்கடித்தது. ஆனால் 2012 பிப்ரவரியில் கீழவை அந்தத் திருத்தங்களை ரத்துசெய்து, இது நிதி சம்பந்தப்பட்ட விஷயம், நிதியில் எங்கள் சொல்தான் கடைசி என்று மரபைக் காட்டிக் கதவைச் சாத்தியது. நியமன சபையின் எல்லை இதுதான். கேள்வி கேட்கலாம், தாமதப்படுத்தலாம், வெட்கப்பட வைக்கலாம். பணப்பெட்டிச் சாவி அங்கே கிடையாது.

ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்கு நடமாட்டப் படியை நிறுத்தும் திட்டம் இருந்தது. பார்வையற்ற உறுப்பினரான காலின் லோ நடத்திய ஆய்வுக்குப் பிறகு 2011 டிசம்பரில் அரசு அதைக் கைவிட்டது. 2012 அக்டோபரில் டானி தலைமையில் நடந்த விசாரணை, புதிய ஒருங்கிணைந்த உதவித்தொகையால் சுமார் ஒரு லட்சம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் குடும்பங்கள் வாரத்துக்கு 28 பவுண்டு வரை இழக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அதற்கு முன் 'சீர்திருத்தம்' என்ற சொல் மட்டும் ஓடிக்கொண்டிருந்த விவாதத்தில் இப்போது வாரம் 28 பவுண்டு என்ற எண் வந்து உட்கார்ந்தது.

அதே 2012-இல்தான் லண்டன் பாராலிம்பிக்ஸ். அரங்கம் நிறைந்து வழிந்தது, 'சூப்பர் ஹியூமன்' என்று சுவர் சுவராக விளம்பரம். இதில் ஒரு முரண் உண்டு. வேலைத்திறன் மதிப்பீட்டை அரசுக்காக நடத்திக்கொண்டிருந்த அட்டோஸ் நிறுவனமே அந்த விளையாட்டின் ஆதரவாளர்களில் ஒன்று. அதன் அலுவலக வாசலில் மாற்றுத்திறனாளிகள் போராட்டம் நடத்தினார்கள். பதக்கம் அணிவிக்க மைதானத்துக்கு வந்த நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னுக்கு அரங்கமே கூச்சல் போட்டது. சிரித்துக்கொண்டே நின்றார், வேறு என்ன செய்ய முடியும்.

பதக்கத்தின் இன்னொரு முகம் இங்கே தெரிகிறது. ஒரு கால் இல்லாதவர் 100 மீட்டரை 11 நொடியில் ஓடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர், பக்கத்து வீட்டில் முதுகுவலியோடு படுத்திருப்பவரைப் பார்த்து, 'அவர்களால் முடிகிறது, இவருக்கு என்ன?' என்று கேட்கிறார். வீரரின் உழைப்பு இன்னொரு மாற்றுத்திறனாளிக்கு எதிரான வாதமாக மாறிவிடுகிறது. உச்சத்தில் இருக்கும் சிலரைக் கொண்டு எல்லோரையும் அளக்காதீர்கள் என்று டானி பல இடங்களில் சொல்லிவந்தார். என் கணிப்பில் அவருடைய பொதுவாழ்வில் மிக முக்கியமானது இதுதான். தன்னை உயர்த்திய படிமத்தைத் தானே குறைத்துப் பேசுவது எல்லோருக்கும் வராது.

விளையாட்டுத் துறைக்குள்ளேயே அவர் எடுத்த வேலை ஒன்றும் உண்டு. அரசு கேட்டுக்கொண்டதால், வீரர்களின் பாதுகாப்பும் நலனும் எப்படி இருக்கின்றன என்று ஆராய்ந்து 2017 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார். விளையாட்டுக்கென்று சுயேச்சையான குறைதீர்ப்பாளர் வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அது கிடப்பில் போடப்பட்டது. ஐந்து வருடம் கழித்து 2022-இல் பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிய விசாரணை அறிக்கை வந்தபோது, சின்னப் பெண்களை எடைக்காகப் பட்டினி போட்டது முதல் காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது வரை எல்லாம் வெளியே வந்தது. ஆனால் இன்னொரு விஷயத்தில் ஜெயித்தார். 16, 17 வயதுப் பிள்ளையோடு ஆசிரியர் பாலுறவு வைத்தால் அங்கே குற்றம், விளையாட்டுப் பயிற்சியாளர் வைத்தால் குற்றமில்லை என்ற ஓட்டை சட்டத்தில் இருந்தது. குழந்தைகள் நல அமைப்புகளும், இவரைப் போன்ற உறுப்பினர்களும் வருடக்கணக்கில் தட்டித் தட்டி, 2022-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த ஓட்டை அடைபட்டது. இதற்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. அதனாலேயே இதைக் குறிப்பிடுகிறேன். மாற்றுத்திறனாளி உறுப்பினர் என்றால் சாய்தளம் பற்றி மட்டும்தான் பேசுவார் என்று நாமே ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லாத இடமும் ஒன்று உண்டு. குணப்படுத்த முடியாத நோயில் ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடியவர்கள், மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் மசோதா 2025 ஜூனில் கீழவையில் 314-க்கு 291 என்று நிறைவேறி மேலவைக்கு வந்தது. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் குவிந்தன. எதிர்ப்பாளர்களில் முன்வரிசையில் டானி. அவர் அச்சம் புரிகிறது. மகளை வயிற்றில் சுமந்தபோது தனக்கு முதலில் சொல்லப்பட்ட யோசனைகளில் ஒன்று கருக்கலைப்பு என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2002-இல் மகள் பிறந்தார், அந்தப் பெண்ணுக்குக் காரிஸ் என்று பெயர். 'உன் வாழ்க்கை வாழத் தகுந்ததுதானா' என்ற கேள்வியை மருத்துவ அறைக்குள் எதிர்கொண்ட ஒருவர், அந்த அறைக்குள் மரணத்தையும் ஒரு தெரிவாக வைக்கும் சட்டத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. அதே சமயம், வலியில் துடிக்கிறவர் கேட்கும் உரிமையும் உரிமைதானே என்று கேட்கிறவர்களில் மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை நிறைவேற்றியதை நியமன உறுப்பினர்கள் திருத்தங்களால் முடக்குவது சரியா என்ற கேள்வியும் கேட்கப்பட்டது. 2012-இல் நலத்திட்டக் குறைப்பைத் தடுக்கப் பார்த்தபோது நமக்குப் பிடித்த அதே அதிகாரம்தான் இது. இந்த விஷயத்தில் என் மனம் இன்னும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கிறது.

நியமன உறுப்பினருக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஊர்க்காரன் அவரை மாற்ற முடியாது. பேர் உள்ளவர்களையே சுற்றிச் சுற்றிக் குழுக்களில் போடுகிறார்கள். டானியே லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் குழு, பல்கலைக்கழக வேந்தர், வேல்ஸ் விளையாட்டு அமைப்பின் தலைவர் என்று ஏகப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கட்சியோடு வருவது மேல் என்று நினைப்பவர்களுக்கும் உதாரணம் உண்டு. பார்வையற்ற நீச்சல் வீரர் கிறிஸ் ஹோம்ஸ், ஒன்பது பாராலிம்பிக் தங்கம் வாங்கியவர், 2013-இல் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினராகவே அந்தச் சபைக்கு வந்தார்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் பதில்: நடக்கும், ஆனால் பதக்கத்தால் நடக்காது. சபைக்குள் ஒருவர் பேசினால் பதிவாகிறதா, அவர் கொடுக்கும் திருத்தத்துக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டுமா, தாள்களை முன்கூட்டியே கொடுக்கிறார்களா, படித்துக் குறிப்பெடுக்க ஒரு உதவியாளர் உண்டா என்று பாருங்கள். டானிக்கு இவற்றில் பெரும்பாலானவை இருந்தன. அதோடு பட்டப்படிப்பிலேயே அரசியல் படித்தவர். உங்கள் மன்றத்தில் இவை இல்லாவிட்டால் பாராலிம்பிக் சாம்பியனைக் கொண்டுவந்து வைத்தாலும் சால்வைதான். இவை இருந்தால், பதக்கமே வாங்காத, ஊரில் பத்து வருடமாகச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதைவிட நன்றாகச் செய்வார் என்பது என் எண்ணம்.

கடைசியாக ரயில். இதைச் சொல்லாமல் டானியின் கதை முடியாது.

பிரிட்டனில் பெரும்பாலான இடங்களில் நடைமேடைக்கும் ரயில் பெட்டிக்கும் இடையே உயர வித்தியாசம் உண்டு. வீல்சேரில் ஏற இறங்க, ஊழியர் ஒருவர் மடக்குச் சாய்தளத்தைக் கொண்டுவந்து போட வேண்டும். அந்தச் சாய்தளம் நடைமேடையில் சுவரோரமாகவோ தூணிலோ பூட்டிக் கிடக்கும். முன்கூட்டியே உதவி பதிவு செய்ய வேண்டும். எந்த ரயில், எந்தப் பெட்டி, எங்கே இறக்கம் என்று ஏறும் நிலையம் இறங்கும் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் பயணி உள்ளேயே. என் நண்பர் ஒருவரோடு ஒருமுறை சின்ன நிலையம் ஒன்றில் இப்படி மாட்டிக்கொண்டேன். சாய்தளம் கண்ணெதிரே, பத்தடி தூரத்தில், மஞ்சள் பூட்டோடு. சாவி வைத்திருந்தவரைக் காணோம். நான் கதவில் ஒரு காலும் நடைமேடையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, கதவு மூடாமல் பார்த்துக்கொண்டேன். நண்பர் என்னைவிட நிதானமாக இருந்தார். அவருக்கு அது புதிதில்லை.

2012-லேயே டானி இப்படி ஒரு இரவு, ஆள் வராமல், நாற்காலியை வெளியே தள்ளிவிட்டுத் தவழ்ந்து இறங்கியதைச் சொல்லியிருந்தார். ரயில்கள் எல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்த கெடு 2020 ஜனவரி 1. ஏட்டில் சுரைக்காய் காய்த்துவிட்டது.

2024 ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை இரவு. பாரிஸ் பாராலிம்பிக்ஸ் தொடங்க இரண்டு நாள். லீட்ஸிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸுக்கு ரயில். பதிவு செய்திருந்தது மாலை 7.15 வண்டிக்கு, அதைத் தவறவிட்டு 7.45 வண்டியில் ஏறினார். ஏறும்போது உதவி கிடைத்தது. லண்டன் வந்து சேர்ந்ததும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். இவருக்கு யாரும் வரவில்லை. கால் மணி நேரம் போனது. அப்புறமும் யாரும் வரவில்லை.

பாரிஸுக்குக் கொண்டுபோக வேண்டிய பைகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக வெளியே நகர்த்தினார். நாற்காலியிலிருந்து பெட்டியின் தரையில் இறங்கினார். அது கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து உட்கார்ந்தபடியே நகர்ந்து, 55 வயதில், பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் நடைமேடைக்கு இறங்கினார். ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த இலையுதிர் காலத்திலேயே ரயில் சேவைகளை அரசுடைமையாக்கும் மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தது. டானி தன் இடத்தில் இருந்தார், கையில் குறிப்புகளோடு, உட்கார்ந்தபடியே.